வாசல் வால்வும் வயிற்றுப் பிள்ளையும்



குடும்ப நலக் கூட்டம் என்று அழைத்துவிட்டு, கையில் ஒரு பித்தளை வால்வை வைத்துக்கொண்டு நிற்கிறேனே என்று சிலர் சிரிக்கிறீர்கள். "தடுப்பூசியைப் பத்திப் பேசுவாருன்னு வந்தா, இவரு குழாய் ரிப்பேரைப் பத்திப் பேசுவாரு போல இருக்கே" என்று பின்வரிசையில் ஒரு அம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது. தப்பில்லை. இந்த வால்வுக்கும் வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்கு வரும் குடிநீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது? ஆண்களில் சிலர் கை தூக்குகிறீர்கள். பெண்களில் ஒன்றிரண்டு கைதான் தெரிகிறது. சரி, அதைக் கடைசியாகத் திருகிப் பார்த்தது எப்போது? "குழாய் போட்ட அன்னிக்குப் பாத்ததுங்க" என்கிறார் ஒருவர். இதுதான் பெரும்பாலான வீடுகளின் கதை.

முன்பெல்லாம் தெருக்குழாய், கைப்பம்பு, குளம் என்று அலைந்தோம். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்துக்குப் பிறகு, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில், கிராமத்து வீடுகளுக்கும் குழாய் வந்தது. நல்ல காரியம். பெண்களின் இடுப்புக் குடம் இறங்கியது. ஆனால் குழாய் வாசலுக்கு வந்தபோது, அதைக் காக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிட்டது. இதை நாம் கவனிக்கவில்லை.

நம் தஞ்சைப் பகுதி ஆற்று வண்டல் பூமி. பல இடங்களில் களிமண். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலும் வாசலும் ஒன்றாக நிற்கும். வால்வு இருக்கும் குழி என்ன ஆகும்? நிரம்பிவிடும். மழைத் தண்ணீர் மட்டுமா அதில் இருக்கும்? பாத்திரம் கழுவிய தண்ணீர், மாட்டுத் தொழுவத்துத் தண்ணீர், பக்கத்துக் கழிப்பறைக் குழியின் ஊற்று எல்லாம் வந்து சேரும்.

"குழாய்க்குள்ள தண்ணி வேகமா வருதே, வெளித்தண்ணி எப்படி உள்ள போவும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தண்ணீர் வரும் நேரத்தில் போகாது. உள்ளேயிருந்துதான் கசியும். ஆனால் நம் ஊரில் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விடுகிறார்கள். நிறுத்திய பிறகு, தாழ்வான தெருவில் யாராவது குழாயைத் திறந்தால், குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கும். அப்போது மேட்டுப் பக்கக் குழாய் உறிஞ்சும். இளநீரை உறிஞ்சுகிறோமே, அதேபோலக் கசியும் வால்வு வழியாகக் குழித்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயில் நேரே மோட்டார் வைத்து இழுத்தால் கேட்கவே வேண்டாம், இன்னும் பலமாக இழுக்கும். அதனால்தான் அப்படி மோட்டார் வைக்கக் கூடாது என்கிறோம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

1854இல் லண்டன் நகரில் ஒரு தெருவில் காலரா வந்து சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்து, பெரும்பாலோர் ஒரே அடிபம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று கண்டுபிடித்தார். அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பிறகு பார்த்தால், கிணற்றுக்கு அருகில் இருந்த வீட்டில் நோய்ப்பட்ட கைக்குழந்தையின் துணியை அலசி ஊற்றிய கழிவுக்குழி, கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, 1955-56இல் டெல்லியில் நடந்தது. யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்துவிட்டது. 29 ஆயிரம் பேருக்கு மேல் மஞ்சள் காமாலை கண்டது.

மூன்றாவது நம் பக்கத்திலேயே, இதே காவிரித் தண்ணீர் பாயும் காரைக்காலில். 2022 ஜூலையில் அங்கே காலரா உறுதியாகி, பொது சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. குடிநீர்க் குழாய்க் கசிவில் கழிவுநீர் கலந்ததாகச் சொல்லப்பட்டது.

டெல்லியில் வந்த காமாலையைப் பற்றி, கல்யாணமான நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அசுத்தத் தண்ணீரால் பரவும் அந்தக் காமாலைக்கு ஹெபடைடிஸ் ஈ என்று பெயர். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கு வந்தால், நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்க நேரிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வீட்டில் நாலு பேரும் ஒரே குடத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். நாலு பேரில் மூவர் பிழைத்துக்கொள்வார்கள், வளைகாப்பு முடிந்து வந்த மருமகளுக்குத்தான் ஆபத்து. இதனால்தான் வால்வைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"மேல்நிலைத் தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடுறாங்களே?" என்பீர்கள். போட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். ஆனால் சாக்கடைத் தண்ணீர் வழியில் கலந்துவிட்டால், இந்தச் சிறிதளவு குளோரின் அதிலேயே செலவாகிவிடும்.

இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

மாதம் ஒருமுறை குழியைத் திறந்து பாருங்கள். வால்வை வலப்பக்கமாகத் திருகினால் அடைபடும், இடப்பக்கமாகத் திருகினால் திறக்கும். முழுவதும் அடைத்துவிட்டு, வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நல்ல நிலையில் இருக்கிறது. சொட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். திருகவே வரவில்லை என்றால் ஸ்பேனரைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், தண்டு முறிந்துவிடும். கைப்பிடிக்கு அடியில் கசிந்தால், அங்கே இருக்கும் நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் வால்வை மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றும்போதுதான் பலரும் தவறு செய்கிறார்கள். வால்வை அடைத்துவிட்டு வால்வையே கழற்றலாம் என்று நினைக்கிறார்கள். விவசாயிகளுக்கு இது சட்டென்று புரியும். மடையை அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் நிற்கும், வாய்க்காலில் நிற்குமா? மடைப் பலகையையே பிடுங்க வேண்டுமானால் தலைப்பில் அடைக்க வேண்டும். அதுபோல, வீட்டு வால்வைக் கழற்ற வேண்டுமானால் தெருக்குழாயில் தண்ணீர் நிற்க வேண்டும். ஆகவே முதல் நாளே ஊராட்சியில் தெரிவித்து, தொட்டி ஆபரேட்டரிடம் கேட்டு, தெரு வால்வை அடைக்கச் சொல்லுங்கள். தெருக்குழாயில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். பழக்கப்பட்ட குழாய்க்காரர் செய்வதே நல்லது. ஆனால் அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குழித்தண்ணீரை முழுவதும் இறைத்துவிட்டு, குழாய்க்குக் கீழே ஒரு சாண் ஆழம் தோண்டிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் வால்வைக் கழற்றினால், அந்த அழுக்கு தெருக்குழாய்க்குள் போய்விடும். தலைமடைக்காரர் செய்த தவறு கடைமடைக்காரர் வயிற்றில் போய் முடியும்.

கழற்றும்போது ஒரு ஸ்பேனரால் குழாயைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் வால்வைத் திருகுங்கள். பிடிக்காமல் திருகினால் மண்ணுக்குள் குழாய் முறிந்துவிடும். புது வால்வு பழைய அளவிலேயே இருக்கட்டும். 15 என்று எழுதியிருந்தால் அரை அங்குலம், 20 என்றால் முக்கால் அங்குலம். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் புது வால்வைக் கழுவுங்கள். மரையில் வெள்ளை டேப்பை, திருகும் திசையிலேயே ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிப் பொருத்துங்கள். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் அளவோடு இறுக்குங்கள், கூடிப்போனால் வெடித்துவிடும். வேலையின் நடுவே எழுந்து போனால், குழாய் வாயைச் சுத்தமான பாலிதீன் தாளால் கட்டிவிட்டுப் போங்கள்.

தண்ணீர் வந்ததும் வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்புகளை உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் மறுபடி இறுக்குங்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிடுங்கள். அன்றைக்குக் குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் மழைக்காலம் முழுக்கவே இப்படிச் செய்வது நல்லது.

இன்னொன்று, மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், வால்வைக் குழிக்குள்ளேயே மறுபடி புதைக்க வேண்டாம். தரைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் குழியைச் சுற்றிச் செங்கல் கட்டி, ஓரத்தை உயர்த்தி, அடியில் சரளை போட்டு மூடி வையுங்கள். பிள்ளையின் மலத்துணியை அதன் பக்கத்தில் அலசாதீர்கள். லண்டன் கதை ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியாக, கணவன் மனைவி இருவருக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் பிடிப்பது பொம்பளை வேலை, வால்வு திருகுவது ஆம்பளை வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். அறுவடை முடிந்ததும் கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். இரவில் குழாய் உடைகிறது. வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியும் மாமியாரும் மட்டும். "ஏங்க, வால்வு எங்கங்க இருக்கு?" என்று போனில் கேட்டு, அந்தப் பெண் இருட்டில் சேற்றில் தேட வேண்டுமா? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர் கையாலேயே ஒருமுறை திருகச் சொல்லுங்கள். அதேபோல, தண்ணீரில் நாற்றமோ கலங்கலோ இருக்கிறது என்று மனைவி சொன்னால், "நீ எப்பவும் இப்படித்தான்" என்று தள்ளிவிடாமல், அன்றைக்கே குழியைத் திறந்து பாருங்கள். முதலில் கண்டுபிடிப்பவர் தண்ணீர் பிடிக்கிறவர்தான்.

கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, விடாத வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டாலோ, கை வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கர்ப்பிணியாக இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லுங்கள். ஒரு வீட்டில் வந்தால், அந்தத் தெருக் குழாய் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அளவான குடும்பம் அழகு என்று இத்தனை காலமாகச் சொல்லி வருகிறோம். பெற்ற பிள்ளையும் சுமக்கும் தாயும் நோயில்லாமல் இருந்தால்தான் அந்த அழகு நிலைக்கும். வயலுக்கு மடையைக் காப்பது போல, வீட்டுக்கு வால்வைக் காத்துக்கொள்ளுங்கள்.