உங்க மார்க் எத்தனை?

(பாஞ்சாலங்குறிச்சி கூட்டமைப்பு ஆண்டு விழாவில் சுகாதாரத் தன்னார்வலராகப் பணிபுரியும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல தொடங்கினப்போ, வீடு வீடாப் போயி பிரஷரும் சுகரும் பார்க்க நம்ம மாதிரி குழுப் பெண்களைத்தான் எடுத்தாங்க. பிரஷர் பார்க்கணும்னு சொன்னா, "எனக்கு ஒண்ணும் இல்லட்டி, மாமாவுக்குப் பாரு"ன்னு வீட்டுக்காரரை முன்னால தள்ளி விடுறதுதான் நம்ம பழக்கம். உள்கடன் வட்டியைப் பைசா சுத்தமாச் சொல்ற நமக்கு நம்ம பிரஷர் எத்தனைன்னு தெரியலைன்னா எப்படி?

30 வயசு தாண்டினவங்களுக்காக அரசு ஒரு படிவம் வச்சிருக்கு. ஆறே கேள்வி. மார்க்கை நாமளே போட்டுக்கலாம்.

வயசு 30லிருந்து 39ன்னா 1, நாற்பதுகள்ல 2, ஐம்பதுகள்ல 3, அறுபதுக்கு மேல 4. புகையிலை எப்பவாவது போட்டாலோ, முன்னால போட்டு விட்டிருந்தாலோ 1, தினமும்னா 2. வெத்தலையோட அதக்குறதும் இதுல சேர்த்திதான் ஆச்சி. தினமும் குடிக்கிறவங்களுக்கு 1. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா மார்க் இல்லை. 81லிருந்து 90 வரை 1, அதுக்கு மேல 2. ஜாக்கெட் தைக்கிற டேப் போதும், மூச்சை எக்கக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிஷம் உடம்பு அசையலைன்னா 1. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது பிரஷர், சுகர், இருதய நோய் இருந்தா 2.

உப்பளத்துக்குப் போற ஒரு அக்காவை எடுத்துக்குவோம். வயசு 45, அதுக்கு 2. இடுப்பு 86, அதுக்கு 1. தினமும் புகையிலை, 2. அம்மாவுக்குச் சுகர், 2. வேலைதான் உடம்பை அசைக்குதே, அதுக்கு 0. ஆக 7. நாலுக்கு மேல போனா முதல்ல பரிசோதனைக்கு அனுப்பணும்னு படிவம் சொல்லுது. "தினமும் உப்பு வாருறேன், எனக்கு என்ன வரப்போகுது"ன்னு அந்த அக்கா சொன்னா, அந்த உழைப்புக்கு மார்க் கூட்டலை, உண்மைதான். மத்த ஏழும் அப்படியே நிக்குதே!

நாலுக்குக் கீழ வந்தவங்களும் 30 தாண்டிட்டா பிரஷரும் சுகரும் பார்த்தே ஆகணும். வேற வேற நாள்ல பார்த்து 140க்கு 90ஐ எட்டினாலே டாக்டர்கிட்டப் போகணும்.

நம்மகிட்டக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி அந்த ஆறுல இல்லை. எனக்கு அது குறையாத்தான் படுது. கர்ப்பமா இருந்தப்போ பிரஷர் ஏறுச்சா, சுகர் வந்துச்சா? பிள்ளை பிறந்ததும் சரியாயிட்டாலும், பின்னால இருதய நோய் வர்றதுக்கு வாய்ப்பு கூடுது. பிள்ளைக்கு இருபது வயசு ஆனாலும் டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லுங்க. மாதவிலக்கு நின்னவங்களுக்கும் ஆபத்து கூடும்.

உப்பையும் கேட்கலை. உப்பு விளையிற சீமையில இருந்துகிட்டு இதைச் சொன்னா சிரிப்பீங்க. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராம், ஒரு சின்ன டீஸ்பூன்தான் கணக்கு. கருவாடு, ஊறுகா, அப்பளம் எல்லாம் அதுக்குள்ள அடக்கம்.

இன்னொண்ணு. மாரடைப்புன்னா சினிமாவுல மாதிரி நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுறதுன்னு நினைக்கோம். நெஞ்சு வலி, நெஞ்சு இறுக்கம் நமக்கும் வரும். ஆனா மூச்சு வாங்குறது, தாடை, முதுகு, தோள்பட்டை வலி, குமட்டல், சில்லுன்னு வேர்வை, காரணமில்லாத அசதின்னும் வரும். "வாய்வு"ன்னு சொல்லி ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்துடுறோம். அப்படி வந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, வீட்டுக்காரர் வரட்டும்னும் காத்திருக்காதீங்க, உடனே 108. 2023லிருந்து இதயம் காப்போம் திட்டத்துல, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் தவணை மாத்திரை குடுத்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க.

வாசல் மேசையில டேப்பும் பிரஷர் மெஷினும் இருக்கு. குழு வாரியா வாங்க. காப்பி அப்புறம் குடிக்கலாம். குடிச்சிட்டு உடனே பார்த்தா பிரஷர் கூடக் காட்டும்.