கோதுமை நாட்டில் ஒரு தமிழ்ச் சமையலறை

வடநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு குழந்தை மெலிந்துபோனாலும், அதற்கு அடிக்கடி வயிற்றுப்போக்குக் கண்டாலும், பெரியவர்கள் உடனே சொல்லும் காரணம் ஒன்று உண்டு. "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். தண்ணீர்மீது பழிபோடுவது எளிது. அது எதிர்த்துப் பேசாது. ஆனால் தில்லிக்கோ லூதியானாவுக்கோ ஜெய்ப்பூருக்கோ வந்தபின் நம் வீடுகளில் தண்ணீர் மட்டுமா மாறிற்று? தட்டும் மாறிற்று அன்றோ! ஊரில் வாரம் ஒருநாள் ரவை உப்புமாவாகவும், விருந்தினர் வந்தால் பூரியாகவும் தலைகாட்டிய கோதுமை, இங்கே இரவுதோறும் சப்பாத்தியாயிற்று. பிள்ளைகளின் பள்ளி டப்பாவில் பராட்டாவாயிற்று. பெரும்பாலோருக்கு இதனால் தீங்கு ஏதுமில்லை. சிலருக்கு மட்டும் அது குடலைக் கெடுக்கிறது. அந்நிலைக்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

கோதுமை, வாற்கோதுமை எனப்படும் பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்னும் பசைப்புரதம் இருக்கிறது. பிசைந்த மாவு இழுத்தால் அறுந்துபோகாமல் நீள்வது இதனால்தான். சீலியாக் நோய் உடையவர் இதை உண்டால், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறிச் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. பூந்துவாலையின் இழைகளைப்போல அங்கே நெருங்கி நிற்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் போகிறது. இதனைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுதும் விலக்குவது ஒன்றே சிகிச்சை. விலக்கினால் குடலுறிஞ்சிகள் மீண்டும் வளர்கின்றன.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்தில் கொடிய பஞ்சம் நிலவியது. ரொட்டியே கிடைக்காத அந்நாட்களில் இந்நோயுற்ற குழந்தைகள் மோசமடையாமல் தேறியதும், ரொட்டி மீண்டும் வந்தபோது நோயும் திரும்பியதும் அவர் ஏற்கெனவே கொண்டிருந்த ஐயத்துக்கு வலுவூட்டின. 1950ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் இதனை விரிவாக எழுதினார்.

"இது கோதுமை தின்னும் வடக்கத்தியர் நோய், நமக்கு எங்கே வரும்?" என்று நம்மவர் கேட்பதுண்டு. இதற்கு விடை தருவது போல 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,000க்கு மேற்பட்டவர்களிடம் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். தெற்கில் தேர்ந்தெடுத்த இடம் நம் வேலூர். வடக்கே 1,000 பேருக்கு எட்டு ஒன்பது பேரிடம் நோய் இருந்தது; தெற்கே 10,000 பேருக்கு ஒருவர் அளவில்தான். ஆனால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக் கூறோ, வடக்கே 100க்கு 38 பேரிடமும் தெற்கே 100க்கு 36 பேரிடமும் காணப்பட்டது. வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். அம்மரபணு உடையவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் ஒருபோதும் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எனினும், தெற்கத்திய உடலோடு வந்து வடக்கத்தியத் தட்டில் உண்ணும் நம் போன்றவர்கள், "நமக்கு வராது" என்று இருந்துவிட முடியாது.

எங்கள் மகளுக்கு ஏழு வயதில் வளர்ச்சி நின்றுபோயிற்று. வயிறு உப்பியிருக்கும், கை கால் குச்சியாக இருக்கும், இரும்புச்சத்து மருந்து எத்தனை புட்டி கொடுத்தும் இரத்தசோகை நீங்கவில்லை. இரண்டாண்டுக் காலம் பூச்சி மருந்தும் டானிக்கும் மாறிமாறி நடந்தன. "மதராசிப் பிள்ளைகள் ஒல்லியாகத்தானே இருக்கும்!" என்று ஒரு மருந்தகத்தில் எங்களுக்கு ஆறுதல் வேறு கூறினார்கள். பின்னர் ஒரு குழந்தைக் குடல்நோய் மருத்துவர் இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கச் செய்து, உள்நோக்கிக் கருவியால் குடலிலிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதித்து, நோயை உறுதிப்படுத்தினார். ஓராண்டுக்குள் பாவாடைகளின் ஓர மடிப்பையெல்லாம் பிரித்துவிட நேர்ந்தது.

நேயர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய ஒன்று: ஐயம் தோன்றியவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தியபின் சோதித்தால் நோய் மறைந்து நின்று ஏமாற்றிவிடும். கோதுமை உண்டுவரும்போதே சோதனை நடக்கவேண்டும். ஒருவருக்கு உறுதியானால் பெற்றோரும் உடன்பிறந்தோரும் இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்வது முறை. அவர்களிடம் இந்நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவரைவிடப் பன்மடங்கு மிகுதி. உடல் இளைப்பதற்காகக் கோதுமையை விடும் இன்றைய நாகரிகத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இனி, சமையலறைக்கு வருவோம். தமிழ்க் குடும்பத்துக்கு இதில் பெரும் பேறு ஒன்று வாய்த்திருக்கிறது. இட்லி, தோசை, அடை, இடியாப்பம், பொங்கல், ஆப்பம், அரிசி உப்புமா, அவல் என நம் பலகாரங்களில் பெரும்பகுதி கோதுமை அறியாதது. ரவை கேசரிக்குப் பதில் அவல் கேசரி. சேமியாப் பாயசத்துக்குப் பதில் ஜவ்வரிசிப் பாயசம். பஞ்சாபிக் குடும்பம் ஒன்று இந்நோயால் தவிப்பதைக் கண்டபோதுதான், நம் பாட்டிமார் நமக்கு எவ்வளவு பெரிய சொத்தை வைத்துப்போனார்கள் என்பது எங்களுக்கு விளங்கியது.

ஆயினும் பகை பெரிய வாயில் வழியாக வருவதில்லை. சாளரத்தின் வழியே வருகிறது. எங்கள் வீட்டில் அது பெருங்காய டப்பாவில் இருந்தது! தூய பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். அதன் காரம் தாங்கமுடியாதது ஆகையால், கடையில் விற்பது பெரும்பாலும் பிசினும் மாவும் சேர்த்துப் பிசைந்த கூட்டுப் பெருங்காயம். அந்த மாவு பல வேளைகளில் மைதா. சாம்பாரில், ரசத்தில், மோரில், ஊறுகாயில், முறுக்கில், மிளகாய்ப் பொடியில் எனப் பெருங்காயம் புகாத இடம் நம் வீட்டில் எது? சப்பாத்தியை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் ரசம் ஊற்றிக்கொண்டிருப்போம். நோய் ஏன் முற்றும் தணியவில்லை என்று மருத்துவர் வியப்பார். அரிசிமாவும் பிசினும் மட்டும் சேர்த்த பெருங்காயம் விற்பனையில் உண்டு. பெட்டியின் பின்புறத்தில் பொடியெழுத்தில் உள்ளதைப் படித்துத்தான் வாங்கவேண்டும். பொடியெழுத்தைப் படிப்பதே பிழைப்பாகக் கொண்ட மொழிபெயர்ப்புத் தொழில் இவ்விடத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது.

இவ்வளவு சிறிய அளவுமா கெடுக்கும் என்று கேட்கலாம். ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 3 கிராம் குளூட்டன் இருக்கும். நாள்தோறும் அதில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிகிராம், உள்ளே போனாலே குடல் கெடும் என்று ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். குளூட்டன் அற்றது என்று அச்சிட்டு விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது நம் நாட்டு விதி. "கோதுமை இல்லாதது" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. பார்லியிலிருந்து வரும் மால்ட் அதில் மறைந்திருக்கலாம். பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கும் மால்ட் பானங்கள் இவ்வகையின. சத்துமாவு என்று பீகார் நண்பர் அன்போடு தரும் 'சத்து' கடலையில் செய்ததா, பார்லியில் செய்ததா என்பதையும் கேட்டே பெறவேண்டும்.

மற்றொரு சாளரம், தெருமுனைச் சக்கி. காலைமுதல் கோதுமை அரைக்கும் கல்லில் நம் அரிசியையோ கேழ்வரகையோ கொட்டினால் வருவது பாதி கோதுமை மாவுதான். ஆகவே உலர்ந்த மாவையெல்லாம் எங்கள் வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்கிறோம். உளுந்தையும் வெந்தயத்தையும் தட்டில் பரப்பி, தப்பி வந்த கோதுமை மணி இருக்கிறதா என்று பொறுக்கியபின்பே ஊறவைக்கிறோம். வீட்டில் ஆட்டிய தோசைமாவைப்போல நம்பத்தக்கது வேறில்லை. ஓட்டல் தோசை அப்படியன்று. ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்ப்பார்கள்.

பிள்ளையின் மனமோ எல்லாரும் தின்னும் ரொட்டியையே நாடும். அதற்கும் வழி உண்டு. குளூட்டன் இல்லாத மாவு பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிரும். கொழுக்கட்டைக்குச் செய்வதுபோலக் கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் அழுத்திப் பிசையவேண்டும். ஒரு குவளைச் சோளமாவுக்கு ஒரு சிறு கரண்டி இசப்கோல் உமி சேர்த்தால் விரியாமல் வட்டமாக வரும். மசித்த உருளைக்கிழங்கும் உதவும். மராட்டியத்தில் வாழும் நேயர்களுக்குச் சோளப் பாக்ரியும், குஜராத்தில் உள்ளோருக்குக் கம்பு ரொட்லாவும், பெங்களூரில் உள்ளோருக்குக் கேழ்வரகுக் களியும் அண்டை வீட்டிலேயே கற்கக் கிடைக்கும். வடக்கே நவராத்திரி விரதத்துக்கென்று குட்டு மாவும் சிங்காடா மாவும் சாமா அரிசியும் விற்பார்கள். இவை யாவும் குளூட்டன் அற்றவை. குட்டுவின் ஆங்கிலப் பெயரில் கோதுமை என்ற சொல் வால்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் ஏமாறுவார். அது கோதுமை இனமே அன்று.

வீட்டில் ஒருவருக்காக எல்லாரும் கோதுமையை விடுவதா, இரண்டு அடுப்பாக நடத்துவதா என்பது அந்தந்தக் குடும்பம் தீர்மானிக்கவேண்டியது. மரச் சப்பாத்திப் பலகையும் குழவியும் சல்லடையும் மாவை உள்வாங்கிக்கொள்ளும். பூரி பொரித்த எண்ணெயும் அப்படியே. நாங்கள் கோதுமையை வீட்டைவிட்டே அனுப்பினோம். சர்க்கரை நோய்க்கு இரவில் சப்பாத்தியே மருந்து என்று முப்பதாண்டாக நம்பிவந்த மாமனாருக்கு அது சிறிது துன்பமாகத்தான் இருந்தது. இப்போது மருத்துவரைக் கேட்டு, அளவு பார்த்துக் கம்பு அடை உண்கிறார். முகம் மட்டும் இன்னும் முழுதும் மலரவில்லை.

சமையலைவிடக் கடினமானது, அன்போடு நீட்டுவதை மறுப்பது. குருத்வாராவில் தரும் கடாப் பிரசாதம் கோதுமை மாவில் ஆனது. எங்கள் மகள் அதை இரு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அருகில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவாள். யாரும் இதுவரை குறையாகக் கொண்டதில்லை. பக்கத்துக் குடியிருப்புப் பஞ்சாபி அம்மையார் முதலில் "ஒரு துண்டு தின்றால் என்ன?" என்று மனம் வருந்தினார். விளக்கிச் சொன்னபின், தம் செலவிலேயே புதிய தவா ஒன்று வாங்கி, அதைத் தனி ஆணியில் மாட்டி, மக்காச்சோள ரொட்டிக்கென்று வைத்திருக்கிறார். அதை அவர் வீட்டு மருமகள்கூடத் தொடமுடியாது.

உண்மையில் எங்களுக்கு அதிகத் தொல்லை ஊருக்குப் போகும்போதுதான். அங்கே இந்நோய் அரிதாகையால், "உங்கள் தில்லி டாக்டர் கண்டுபிடித்த நோய்" என்று சிரிப்பார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுக்கும் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, அரிசி முறுக்கு, வாழைப்பழம் போதும். அதில் கவலை இல்லை. சென்னையில் இறங்கியபின் வரும் கல்யாண வீட்டுச் சாம்பாரே கவலை. ஆகையால் எங்கள் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு பெருங்காய டப்பாவும் போகும். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே அதைச் சமையற்காரர் கையில் கொடுத்து, ஒரு சிறு பாத்திரம் ரசம் தனியே வைத்துத் தரும்படி கேட்டுக்கொள்வோம். சென்ற ஆண்டு ஒரு சமையற்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்குமே இதைப் போட்டுவிடுகிறேன் அம்மா, இரண்டு ரசம் எதற்கு?" என்றார்.