பாலைப்பழக் காலம்

வன்னியிலே கோடை முதிர்ந்து குளங்கள் வற்றத் தொடங்கும் வைகாசி, ஆனி மாதங்களில், காட்டிலே பாலைமரங்கள் பழுக்கின்றன. வேப்பம்பழத்தை ஒத்த சிறிய மஞ்சட் கனி அது. இனிப்பு மிகுதி, ஆயினும் அதன் பால் உதட்டிலே பசைபோல் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவினால் நீங்கும்.

இக்கனியை நாடுவோர் மனிதர் மட்டுமல்லர். 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்துவிலே, இப்பருவத்தில் கரடிகள் பாலைமரமேறி உண்பதைக் காணலாம். ஆதலால் பழம் பொறுக்கக் காட்டினுட் செல்வோர் தனியே செல்லலாகாது. மரத்தடியை அணுகுமுன் மேலே நோக்குதல் வேண்டும்.

கொண்டுவந்த பழத்தை யாது செய்வது? அது நெடுநாள் நில்லாது. உடன் உண்பதற்குரியதை ஒதுக்கி, எஞ்சியதை வெயிலிலே உலர்த்தலாம். அன்றேல், பிழிந்து காய்ச்சிப் பாணியாக்கலாம். பாணிக்கு விறகும் பொறுமையும் வேண்டும். எனினும், பருவம் கடந்த பின்னரும் பிள்ளைகளுக்கு அது இனிப்பாகும்.

இவற்றுக்கெல்லாம் முந்திய முடிவொன்று மரத்தடியிலே காத்திருக்கிறது. கொப்பை வெட்டி வீழ்த்துவதா, உலுப்பிப் பொறுக்குவதா? வெட்டுபவன் ஒரு பொழுதிலே கடகத்தை நிரப்பிவிடுகிறான்; அதிற் பாதி பழுக்காத காய். பாலையோ மிக மெதுவாக வளரும் வைரமரம். இழந்த கொப்பை ஈடுசெய்ய அதற்குப் பல்லாண்டு செல்லும். கீழே பாயை விரித்து உலுப்புபவனுக்குக் கனிந்தவை மட்டுமே உதிர்கின்றன. அவனது கடகம் அரைவாசியே நிறைந்தாலும், வருகின்ற ஆண்டிலும் அம்மரத்தடிக்கு அவன் கடகத்தோடு செல்லலாம்.