கோடையும் தகரக் கூரையும்
(ஓசூர்த் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் சுருக்கம்)



காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தவர் நம் முன்னோர். கீழ்காற்று கொண்டல், வடகாற்று வாடை, தென்காற்று தென்றல், மேல்காற்று கோடை. அம் மேல்காற்றின் பெயரே வெயிற்காலத்துக்கும் பெயராயிற்று. வெப்பத்தைக் காற்றோடு சேர்த்துக் கண்ட மொழி நம் மொழி!

வானிலை அறிவியலும் அதையே கூறுகிறது. ஏப்பிரல், மே திங்கள்களில் உள்நாட்டு வானின் உயரத்தே மிகையழுத்தம் நிலைகொண்டால், மேலுள்ள காற்று கீழிறங்கும். இறங்குவது அழுந்தும், அழுந்துவது சூடேறும். ஆயிரம் அடி இறங்கும் வறண்ட காற்றில் ஏறத்தாழ 3 பாகை வெப்பம் கூடும். முகில் திரளாது. காய்ந்த நிலத்தில் ஆவியாதற்கு நீரின்மையால் தணிப்பும் இராது. மேற்கு, வடமேற்கு நிலக்காற்று வலுத்தால், கடற்காற்றும் உள்ளே எட்டாது.

2024 ஏப்பிரலில் சேலம், தருமபுரி, ஈரோடு முதலிய உள்மாவட்டங்கள் 40 பாகையைக் கடந்து வெந்தன. எல்லைக்கு அப்பால், நம்மைப் போன்றே 3,000 அடி உயரத்திலுள்ள பெங்களூரில் ஏப்பிரல் 28 அன்று 38.5 பாகை! மேட்டுநிலக் குளிர்ச்சி நம்மைக் காக்கும் என்னும் நம்பிக்கை அன்றே பொய்த்தது.

சமவெளியில் வெப்பம் 40 பாகையை எட்டி, இயல்பினும் 4.5 பாகையேனும் மிகுந்தால் இந்திய வானிலைத்துறை அதனை வெப்ப அலை என்னும். அந்த அளவும் காற்றோட்டமுள்ள நிழற்பெட்டிக்குள் எடுக்கப்படுவது. தகரக் கூரையின் கீழ், உலையருகே நிற்பவனின் வெப்பத்தை அளந்தவர் யார்? வியர்வை ஆவியானால்தான் உடல் தணியும். காற்றோட்டமற்ற புழுக்கத்தில் அது நிகழாது. உடல்வெப்பம் 40 பாகையைத் தாண்டி, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அஃது உயிர்க்கேடு. உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறி, மருத்துவமனைக்கு விரைக!

பகலெல்லாம் வெயிலை உண்ட கற்காரையும் தாரும் இரவெல்லாம் அதனை உமிழ்கின்றன. ஏரியைத் தூர்த்தும் மரத்தை வீழ்த்தியும் நம் குளிர்ச்சியை நாமே விற்றோம். கிருட்டிணகிரி மாந்தோப்புகளில் வெப்பமும் வறட்சியும் கூடினால் பிஞ்சுகள் உதிர்கின்றன; உழவனுக்கும் அதே துயரம்.

2024 அக்டோபரில் தமிழ்நாட்டரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு 4 இலக்கம் உருபா தர முடிவுசெய்தது. நன்று. ஆனால், இறந்தபின் தரும் தொகையினும் இறவாமற் காக்கும் நிழல் பெரிது.

ஆகவே கேட்போம்: உச்சிவேளையில் ஊதியங் குறையாத ஓய்வு, வேலையிடத்திலேயே குடிநீர், கூரைக்கு வெண்சுண்ணம், எளிய தமிழில் எச்சரிக்கை. பிழைப்புத் தேடி வந்த பிறமொழித் தொழிலாளர்க்கு அவரவர் மொழியிலும் அது கிடைக்கட்டும். வெயில் மொழி பார்த்துக் காய்வதில்லை.

வானத்தை நாம் மாற்றவியலாது. கூரையை மாற்றலாம், ஏரியை மீட்கலாம், வேலைப்பொழுதைத் திருத்தலாம். அதற்கு ஒன்றுபடுவோம்.