ஒரு பாட்டும் பல வாயில்களும்



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் அரங்கேறிய கவிதைகளைக் கணிப்பொறியில் ஏற்றித் தேடிப் படிக்க வழி செய்ய வேண்டுமென நண்பர்கள் விரும்புகின்றனர். காதல், இயற்கை, சமூகம் என மூன்று பெட்டிகளாகப் பிரித்துவிடலாம் என்பது ஒரு கருத்து. நான் அதற்கு உடன்படேன். வானம் பொய்த்த ஊரில், பிழைப்புத் தேடிச் சென்ற கணவனை நினைந்து ஒருத்தி பேசுவதாக ஒரு கவிதை இருந்தால், அதனை எந்தப் பெட்டியில் இடுவோம்? எதில் இட்டாலும், மற்ற இரண்டைத் திறப்பவருக்கு அக்கவிதை இல்லாததாகிவிடும்.

இச்சிக்கல் பழையது. அகநானூற்றைத் தொகுத்தோர் எண்ணையே அடையாளமாக்கினர். ஒற்றைப்படை எண்கள் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 என வருவன நெய்தல். அதே நானூறு பாட்டும் களிற்றியானைநிரை, மணிமிடைபவளம், நித்திலக்கோவை என வேறு வகையாலும் பகுக்கப்பட்டுள்ளன. 124 என்றதுமே அது முல்லை என்பதும் மணிமிடைபவளத்தது என்பதும் விளங்கும். எத்துணை நயமான ஏற்பாடு! ஆயினும் எண் ஒரு திணையையே சொல்லும். பாலைப் பாட்டினுள் குறிஞ்சியின் கருப்பொருள் வந்து மயங்கினால் எண்ணுக்கு அது தெரியாது.

சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். இரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். நூலை ஒரு மரத்தின் ஒரே கிளையில் கட்டித் தொங்கவிடாமல், அதன் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்துக் குறித்து, நிறுத்தக்குறிகளால் இணைத்தார். ஆனால் அலமாரியில் நூலுக்கு ஓரிடமே உண்டு. ஆகவே எக்கூறு முன், எக்கூறு பின் என்று அவர் வரிசை விதிக்க வேண்டியிருந்தது. திரைக்கு அத்தளை இல்லை. பெர்க்லியில் மார்ட்டி ஹெர்ஸ்ட் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கலைப்படத் தொகுப்பொன்றைக் காலம், இடம் முதலிய எந்தக் கூற்றின் வழியாகவும் நுழைந்து காணச் செய்தனர்.

நமக்குக் கவிஞர், பாவகை, பொருள், நிலம், ஆண்டு என்னும் ஐந்து கூறுகள் போதும். ஒரே கூற்றில் முல்லை, நெய்தல் என இரண்டைத் தேர்ந்தால் இரண்டில் ஒன்று இருப்பனவெல்லாம் வரவேண்டும். நெய்தலோடு வெண்பாவைத் தேர்ந்தால் இரண்டும் பொருந்துவன மட்டுமே வரவேண்டும். ஒவ்வொரு பெயரின் அருகிலும் எத்தனை கவிதைகள் என்ற எண் நிற்கட்டும். ஒன்றுமில்லாத பெயர் மங்கித் தோன்றட்டும். வந்தவரை வெறுந்திரைமுன் நிறுத்துவது விருந்தோம்பல் ஆகாது. தேர்ந்தவை மேலே வரிசையாகத் தெரிய வேண்டும். ஒன்றை நீக்கினால் மற்றவை கலையலாகாது.

பெயர் சூட்டினால் கவிதை குறுகிவிடும் என்று அஞ்சும் கவிஞர்கள் இங்குள்ளனர். அவ்வச்சம் நியாயமானதே, ஒற்றைப் பெயர் சூட்டினால் குறுகத்தான் செய்யும். எழுதியவர் காதல் என்பார். படித்தவர் சாவு என்பார். இரு பெயரும் நிற்கட்டும். பொருளைக் கவிஞர் ஒருவரும் வாசகர் ஒருவரும் தனித்தனியே குறிக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள். எந்தப் பாவகையிலும் அடங்காத கவிதைக்கு அக்கட்டம் வெறுமையாக இருக்கலாம். 'பிற' என்றொரு மூலையில் அதனை ஒதுக்க வேண்டா.

கூறுகளின் பட்டியலை அவை இன்றே முடிவு செய்யுமாயின், முதல் ஆண்டுக் கவிதைகளுக்குக் குறிப்பெழுத நான் அணியமாக உள்ளேன்.