தியானத்துக்கும் ஒரு பெரட்டு வேண்டும்



தியான வகுப்பில் சேர்கிறவர் பலர். ஓராண்டு கழித்தும் உட்கார்கிறவர் சிலர். முதல் வாரம் ஆர்வம் இருக்கிறது. இரண்டாம் வாரம் கால் மரத்துப்போகிறது. மூன்றாம் வாரம் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல். பிறகு பாய் சுருட்டியபடியே மூலையில் நிற்கிறது. மன உறுதி போதவில்லை என்று அவரே தமக்குத் தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார். அந்தத் தீர்ப்பு சரிதானா?

தஞ்சோங் மாலிம் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களை நினைத்துப் பார்க்கலாம். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்து, இருட்டிலேயே நிரைக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறையும். பால் வடிவதும் குறையும். ஆகவே மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்தில் உளி மரத்தில் பட்டாக வேண்டும். அப்படிப் பல்லாண்டு எழுந்த ஒருவர், ஓய்வு பெற்றபின் தமக்காகப் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை என்றால், அவருக்கா மன உறுதி இல்லை? அன்று நேரம் இருந்தது, இடம் இருந்தது, பெயர் கூப்பிட ஆள் இருந்தார், கூட நடக்கத் தோழர் இருந்தார். இன்று அந்த நான்கும் இல்லை.

இதை நன்கு உணர்ந்த ஒருவர் மலாயாத் தோட்ட மருத்துவமனையிலேயே வேலை செய்தவர். பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, 1913இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் அருகிலும் பிறகு ஜொகூரிலும் மருத்துவப் பணி செய்து, 1923இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் அன்பர்களுக்குச் சொன்ன முக்கியமான வழி ஆன்மிக நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எழுந்தது, எவ்வளவு நேரம் தியானம், எத்தனை முறை கோபம், எத்தனை பொய் என்று தினமும் எழுதி வைக்க வேண்டும். நோயாளியின் கட்டிலில் தொங்கும் காய்ச்சல் அட்டை போன்றது அது. உள்ளதை உள்ளபடி காட்டும், யாரையும் திட்டாது.

அண்மைய ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரு செயல் தன்னியல்பான பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று அவர்கள் கணித்தார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் தெரிந்தது.

மழை பெய்தால் மரம் வெட்ட மாட்டார்கள். அதற்காக மறுநாள் தோட்டத்தை விட்டு யாரும் போனதில்லை. மரப்பட்டையையும் மெல்லியதாகத்தான் சீவ வேண்டும். ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் மரம் புண்ணாகும். முதல் நாளே ஒரு மணி நேரம் உட்காரப் பார்ப்பவரும் இப்படித்தான் தம்மைப் புண்ணாக்கிக்கொள்கிறார். பத்து நிமிடம் போதும்.

காலைக் காப்பிக்கு முன் என்று ஒரு வேளையைப் பிடித்துக்கொள்ளட்டும். சாமி மேடை அருகே ஓர் இடம் இருக்கட்டும். நாட்காட்டியில் ஒரு கோடு போடட்டும். வாரம் ஒருமுறை அக்கம்பக்கத்தார் நாலு பேர் கூடி உட்காரட்டும். கடும் மனச்சோர்வோ இரத்த அழுத்தமோ உள்ளவர் மருத்துவரையும் பார்க்க வேண்டும். தியானம் மாத்திரைக்கு மாற்று ஆகாது.

பலன் கண்ணை மூடியிருக்கும்போது தெரியாது. மாலையில் பேரப்பிள்ளை தண்ணீரைக் கொட்டும்போது, வாயில் வந்த வசவு ஒரு கணம் நின்று திரும்பிப்போகிறதே, அங்கே தெரியும். அதைக் கண்டவர் மறுநாள் தாமாகவே பாயை விரிப்பார்.