லாபமில்லாத நோயாளி



அரசு மருத்துவமனைகளைத் தனியாரிடம் ஒப்படைத்தால் நோயாளிக்கு நன்மையா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதற்கு விடை தேடி டெல்லிக்கோ லண்டனுக்கோ போகத் தேவையில்லை. ராஜபாளையம் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். தேவதானம், சேத்தூர் பக்கத்து வயலில் பாம்பு கடித்தவர், சிவகாசிப் பட்டாசு ஆலையில் தீப்பட்டவர், வருஷக்கணக்கில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து இளைப்பு வந்த பழைய மில் தொழிலாளி ஆகிய இவர்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்பவர்கள் எல்லாரும் வசதி படைத்தவர்கள் அல்லர். தமிழ்நாட்டில் எந்த ஊர் ஜி.எச்.சைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அதே புகார்கள்தாம் வரும். ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்லக் காசு, கேள்வி கேட்டால் எரிந்து விழுதல். எல்லாவற்றுக்கும் மேலாக, "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்ற அந்த ஒரு வாக்கியம். ராஜபாளையத்திலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். நெஞ்சுவலிக்காரருக்கு அது சின்னத் தொலைவல்ல. இப்படி அவதிப்பட்டவர் கோபத்தில் பேசும்போது அவருக்குப் பொதுவுடைமைப் பாடம் நடத்துவது மரியாதையில்லை.

கோபத்துக்கு இன்னும் பெரிய காரணமும் நம் விருதுநகர் மாவட்டத்திலேயே உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது வெளியே வந்தது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தன் நிலை தெரிந்து, தாமே போய்ச் சொன்னதால்தான் விஷயம் தெரிந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை எந்த அரசு ஆதரவாளரும் தாண்டிப் போகக் கூடாது.

ஆனால் அதன்பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஊழியர்கள் மீது நடவடிக்கை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு, நாடு முழுவதும் செய்தி. அரசு மருத்துவமனையின் தவறைக் கேட்க ஆட்சியர் இருக்கிறார், சட்டமன்றம் இருக்கிறது, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றியது 1997-இல். அதற்கு விதிகள் வந்தது 2018-இல். இடையில் 21 ஆண்டுகள். இருப்பதையே மேற்பார்வையிட இத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டவர்களை நம்பி மொத்தத்தையும் தனியாருக்கு மாற்றலாம் என்பது எனக்குத் துணிச்சலான யோசனையாகப் படுகிறது.

இன்னொன்று. தனியார்மயம் இனிமேல் வரப்போகிற விருந்தாளி அல்ல; பாதி வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கிறது. 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையை அரசுப் பணத்தில் ஒரு வெளி நிறுவனம் நடத்துகிறது. வார்டு துப்புரவு ஒப்பந்தத்தில் போய்ப் பல ஆண்டாயிற்று. காலையில் ஜி.எச்.சில் பார்க்கும் அதே மருத்துவரை மாலையில் கடைவீதி கிளினிக்கில் பணம் கொடுத்துப் பார்க்கிறோம்; பணி நேரத்துக்குப் பிறகு அதற்கு அனுமதியும் உண்டு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. அரசின் பணம் தனியார் அறுவை அரங்குகளுக்கும் போகத் தொடங்கியது. 108-ஆல் பிழைத்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். ஆகவே தனியார் என்றாலே தீட்டு என்று நான் பேசவில்லை. எந்த நோயாளியை யார் விரும்பி ஏற்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். ராத்திரியில் கட்டுவிரியன் கடித்தால் சில நேரம் கடித்த தடமே தெரியாது. வயிறு வலிக்கிறது என்றுதான் வருவார்கள். கண் இமை சரியத் தொடங்கும்போதுதான் விஷம் என்று பிடிபடும். அதன்பின் மூச்சுத் தசை செயலிழந்தால் வென்டிலேட்டர் வேண்டும். கொடுக்க வேண்டிய விஷமுறிவு மருந்து ஏ.எஸ்.வி.; வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்புகளிடமிருந்து எடுத்துக் கொடுக்கும் விஷமே அதற்கு முக்கியமான மூலப்பொருள். முதல் தவணையாகவே எட்டுப் பத்துக் குப்பி ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றும்போது ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் விழலாம். அட்ரினலின் ஊசியோடு ஒரு மருத்துவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இத்தனையும் விடிவதற்குள். வந்திருப்பவர் கூலிக்காரர், கூட வந்தவரிடம் இருப்பது செல்போனும் கழுத்துத் தாலியும்.

இப்படிப்பட்டவர் எந்த ராத்திரி வருவார், வருவாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாது. வராத ராத்திரியிலும் மருத்துவர், செவிலியர், குளிர்ப்பெட்டியில் காலாவதியாகாத மருந்து எல்லாம் காத்திருக்க வேண்டும். லாபக் கணக்குப் போடத் தெரிந்த நிர்வாகி இந்த ஏற்பாட்டை வைத்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் தொழில் அது. நூற்பாலைக்காரர் இழைநீளம் குறைந்த பஞ்சுப் பேலைத் திருப்பி அனுப்பிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மருத்துவமனை வாசலில் அப்படித் தரம் பிரிக்கத் தொடங்கினால் திருப்பி அனுப்பப்படுவது மனிதர்கள். பாம்புக்கடியைத் தமிழ்நாடு 2024 நவம்பரில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எத்தனை பேருக்கு, எங்கே என்ற கணக்கு இனி ஒழுங்காகக் கிடைத்தால், மலையடிவார ஊர்களுக்கு எத்தனை குப்பி வேண்டும் என்பதை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டியிராது.

தீக்காயமும் இதே வகைதான். வாரக்கணக்கில் படுக்கை, தினமும் டிரெஸ்ஸிங், தோல் ஒட்டு, தொற்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தபோது ஒரே நாளில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அப்படியொரு பிற்பகலில் எத்தனை பேர் வந்தாலும் கதவைச் சாத்த முடியாத இடம் ஒன்று வேண்டும். டிரெஸ்ஸிங் துணியைப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்து உலகம் முழுவதும் அனுப்புகிறோம். அந்தத் துணியைச் சுற்றிவிடும் கைகள் ராத்திரியில் நம் ஊரில் இருக்கின்றனவா என்பதும் நம் கவலைதான்.

சரி, தேர்ந்தெடுத்துச் செய்யும் சிகிச்சைகளில் தனியார் சிறப்பில்லையா? பல நேரம் சிறப்புத்தான். இடம் சுத்தம், காத்திருப்பு குறைவு, பேச்சில் மரியாதை. ஆனால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை என்று வைத்தால், தொகை இருக்கும் பக்கம் சிகிச்சை பெருகும். சில வட மாநிலங்களில் ஏழைகளுக்கான காப்பீட்டுத் திட்டங்கள் வந்தபின், தேவையில்லாமல் கருப்பை அகற்றப்பட்ட பெண்களின் புகார் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் நீதிமன்றம் வழிகாட்டுதல் பிறப்பிக்க வேண்டியிருந்தது. நம் மாநிலத்தில் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். அந்த 36-உம் பெருமைப்படும் எண்ணல்ல. ஆனாலும் இந்த இடைவெளி முழுவதையும் தாய்மார்களின் உடல்நிலையால் விளக்க முடியாது. நோயாளி தன் சிகிச்சை தேவையா இல்லையா என்று தானே தீர்மானிக்க முடியாதவர். மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போன்றதல்ல என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே எழுதினார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 2017-18-இன் தேசிய மாதிரி ஆய்வுப்படி, பிரசவம் நீங்கலாக ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்ந்தால் நாட்டுச் சராசரி அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய்.

ஏழைகளுக்கு இத்தனை படுக்கை இலவசம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமே என்பார்கள். எழுதிப் பார்த்தார்கள். டெல்லியில் இந்திரபிரஸ்தா அப்போலோ மருத்துவமனைக்கு அரசு 15 ஏக்கர் நிலத்தைப் பெயரளவு வாடகைக்குக் கொடுத்தது. மூன்றில் ஒரு பங்கு படுக்கை ஏழைகளுக்கு என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை மீறப்பட்டது என்று 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. 2020-இல் நிதி ஆயோக், மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்கும் வரைவை வெளியிட்டது. அதில் படுக்கைகள் இரண்டு வகை: கட்டணம் ஒழுங்குபடுத்தப்பட்டவை ஒன்று, சந்தைக் கட்டணப் படுக்கைகள் இன்னொன்று. ஒரே கூரையின் கீழ் இரண்டு வரிசை. எந்த வரிசைக்குச் செவிலியர் முதலில் ஓடுவார் என்று சொல்ல எனக்குப் பொருளியல் பட்டம் வேண்டாம்.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒரு பெயரை மறைக்கக் கூடாது: அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. பணம் கொடுப்பவரின் கட்டணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் அறுவை செய்து உலகத்தையே பார்க்க வைத்தது. அது அரசு அல்ல. ஆனால் பங்குதாரருக்கு லாபம் பிரித்துத் தரும் நிறுவனமும் அல்ல; அறக்கட்டளை. கண்புரை அறுவையோ முன்கூட்டித் தேதி குறித்து, வரிசையாகச் செய்யக்கூடியது. கட்டுவிரியனுக்குத் தேதி குறிக்க முடியாது.

அறக்கட்டளை மேடையில் நிற்பதால் ஒரு சிறு விலகல். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள் எல்லாருக்கும் நெல் அளந்து நிர்ணயித்த ஊதியம். நோயாளி கூடினாலும் குறைந்தாலும் வருமானம் மாறாது. பதினோராம் நூற்றாண்டு நிர்வாகி யோசித்திருக்கிறார்.

அரசால் ஒழுங்காக நடத்த முடியாது என்பவர்களுக்கு என் பதில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் அமைந்தது. மாநிலத்துக்கு மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கி, தர ஆய்வுக்கு அனுப்பி, மாவட்டக் கிடங்கில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். தன் ஒதுக்கீட்டுக்குள் தனக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளும். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன ஏற்பாடு இது. மருந்தில் முடிந்தது மனிதர்களை நியமிப்பதில் ஏன் முடியவில்லை என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

ஏனென்றால் "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்பதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஆள் இல்லாமை. ராத்திரி சிசேரியனுக்கு மயக்க மருந்து டாக்டர் வேண்டும். சிறு நகரங்களில் அவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருப்பவர்களும் அவர்களே. பெயர்ப்பலகையை மாற்றினால் ஊரில் ஒரு மயக்க மருந்து டாக்டர் கூடிவிட மாட்டார். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே பட்ட மேற்படிப்பு இடங்கள் பெருகி, முடித்தவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கு வந்தால்தான் 85 கிலோமீட்டர் குறையும்.

இந்தக் கூட்டத்தில் மில் அதிபர்களும் வியாபாரிகளும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இருக்கிறீர்கள். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு; அதில் ஊர்ப் பிரமுகர்களுக்கு இடமும் உண்டு. பெரும்பாலும் நாம் அங்கே போவது நாற்காலி, குடிநீர் இயந்திரம் நன்கொடை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள. அடுத்த கூட்டத்தில் நன்கொடையோடு கேள்வியும் கொண்டுபோங்கள். போன மாதம் மதுரைக்கு எழுதி அனுப்பியது எத்தனை பேரை, ஒவ்வொருவருக்கும் காரணம் என்ன? இரவு எட்டு மணிக்கு மேல் மயக்க மருந்து டாக்டர் யார், எந்தெந்த நாளில் யாருமில்லை? ஏ.எஸ்.வி. இன்று எத்தனை குப்பி இருக்கிறது? பதிலை மருத்துவமனை வாசலில் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முதல் முறை எழுத மாட்டார்கள். மூன்றாவது கூட்டத்திலும் அதையே கேளுங்கள்.